திவால் மனு போட்டாலும் வீடு கையில் இருக்குமா? அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"மஞ்சள் கடுதாசி கொடுத்தால் வீடு வாசல் எல்லாம் போய்விடும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயத்தை அமெரிக்காவுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். வேலை போய், கிரெடிட் கார்டு கடன் ஏறி, வீட்டுக் கடன் தவணையும் நின்றுபோன நிலையிலும் திவால் என்ற பேச்சையே எடுக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுகிற குடும்பங்கள் நிறைய. அந்த மாதங்களில்தான் பெரிய சேதம் நடக்கிறது. ஓய்வுக்காலத்துக்கு வைத்திருந்த 401(கே) பணத்தை எடுத்து கார்டு கடனுக்குக் கட்டிவிடுவார்கள். வீட்டைத் தம்பி பேருக்கு மாற்றி எழுதிவிடுவார்கள். மாமாவிடம் வாங்கிய கைமாற்றை மட்டும் அவசரமாக அடைத்துவிடுவார்கள்.

அமெரிக்கத் திவால் சட்டத்தில் வீட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அந்த வழி திறக்குமா என்பது பெரும்பாலும் மனு போடுவதற்கு முன்னால் நீங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பொறுத்தது. அதனால் இந்தக் கட்டுரையில் மனுவுக்கு முந்தைய வேலைகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திவால் மனு போட அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. இங்கே வசிப்பவர், இங்கே தொழிலோ சொத்தோ உள்ளவர் யாரும் போடலாம். எச்1பி விசாவில் இருப்பவரும் போடலாம், கிரீன் கார்டு வைத்திருப்பவரும் போடலாம்.

முதலில் மூன்று எண்கள்

வக்கீலைப் பார்க்கப் போவதற்கு முன்னால் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் உங்களுக்கு மிஞ்சும் மதிப்பு எவ்வளவு, அதில் கடன் கொடுத்தவர்கள் தொடாதபடி சட்டம் எவ்வளவை விலக்கித் தருகிறது, தவணையில் எவ்வளவு பாக்கி. மற்ற எல்லா முடிவும் இந்த மூன்றிலிருந்துதான் வரும்.

முதல் எண்ணை ஈக்விட்டி என்பார்கள். வீட்டின் இன்றைய விலையிலிருந்து அதன் மேல் உள்ள கடன்களைக் கழித்தால் வருவது. விலைக்கு இணையத்தில் காட்டும் மதிப்பீட்டை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் கணக்குக்கு உங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவது தெரியாது. உள்ளூர் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், முடிந்தால் முறையான அப்ரைசல் செய்யுங்கள். கடன் பக்கத்தில் மாதாந்திர ஸ்டேட்மென்ட்டில் உள்ள பாக்கித்தொகை போதாது. கடனை முழுக்க அடைக்க எவ்வளவு ஆகும் என்ற பே-ஆஃப் ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள், வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து தொகை கூடியிருக்கும். இரண்டாவது மார்ட்கேஜ் (அதே வீட்டை வைத்து வாங்கிய இன்னொரு கடன்), வீட்டுச் சொத்துவரி பாக்கி, எச்ஓஏ என்ற வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பாக்கி, யாராவது உங்கள் மேல் வழக்குப் போட்டு வாங்கிய தீர்ப்புத் தொகை என வீட்டின் மேல் பதிவாகியிருக்கும் எல்லாவற்றையும் சேருங்கள். இதில் தீர்ப்பினால் வீட்டின் மேல் விழுந்த பிடிமானம் (லியன்) உங்களுக்குரிய விலக்கைக் கடிக்கிறது என்றால், திவால் நீதிமன்றத்தில் தனியாக மனுக் கொடுத்து அதை நீக்கவும் முடியும். இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு, வக்கீலிடம் மறக்காமல் கேளுங்கள்.

இரண்டாவது எண் விலக்குத் தொகை. ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன் என்பது இதுதான். மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டெக்சஸில் நகரத்துக்குள் 10 ஏக்கர் வரையுள்ள குடியிருப்புக்கு மதிப்பு உச்சவரம்பே கிடையாது. ஃப்ளோரிடாவிலும் அப்படித்தான், ஆனால் நகராட்சி எல்லைக்குள் அரை ஏக்கர்தான். கலிஃபோர்னியாவில் 2021 முதல் கவுண்டியின் வீட்டு விலையைப் பொறுத்து 3 லட்சத்திலிருந்து 6 லட்சம் டாலர் என்று வைத்து, ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துகிறார்கள். நம்மவர்கள் நிறைய வசிக்கும் நியூ ஜெர்சியிலோ மாநிலச் சட்டத்தில் வீட்டுக்கென்று விலக்கே இல்லை. ஆனால் அங்கே அதற்குப் பதிலாகக் கூட்டாட்சிச் சட்டத்தின் விலக்குப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். அதன்படி 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு 31,575 டாலர். கணவன் மனைவி இருவருக்கும் வீட்டில் பங்கு இருந்து, இருவரும் சேர்ந்து மனு போட்டால் 63,150. பென்சில்வேனியா, மிஷிகன், மாசசூசெட்ஸ், வாஷிங்டன், டெக்சஸ் போன்ற மாநிலங்களிலும் இப்படித் தேர்வு உண்டு. ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா போன்றவற்றில் கிடையாது.

வேலைக்காக மாநிலம் மாறியவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மனு போடும் நாளுக்கு முந்தைய 730 நாளும் ஒரே மாநிலத்தில் குடியிருந்தால்தான் அந்த மாநிலத்தின் விலக்கு கிடைக்கும். இல்லையென்றால் அந்த 730 நாளுக்கும் முந்தைய 180 நாளில் அதிக காலம் எங்கே இருந்தீர்களோ அந்த மாநிலச் சட்டம் பொருந்தும். நியூ ஜெர்சியிலிருந்து டாலஸுக்குப் போய் ஒன்றரை வருடமே ஆனவர், டெக்சஸ் விலக்கை நம்பி மனு போட்டால் மாட்டிக்கொள்வார். இதற்கு மேல் 1,215 நாள் விதி ஒன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துக்குள் வாங்கிய வீட்டுக்கு, மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், 2,14,000 டாலர்தான் உச்சவரம்பு. அதே மாநிலத்தில் அந்தக் காலத்துக்கு முன்பே வாங்கியிருந்த பழைய வீட்டை விற்றுப் புதிய வீட்டில் போட்ட பணத்துக்கு மட்டும் இந்த வரம்பிலிருந்து விலக்கு.

வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் எந்த வகை உரிமை என்று எழுதியிருக்கும். "டெனன்சி பை தி என்டைரட்டி" என்ற வகையாக இருந்து, கடன் முழுவதும் கணவன் அல்லது மனைவி ஒருவர் பேரில் மட்டும் இருந்தால், ஃப்ளோரிடா, பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா, மிஷிகன் போன்ற மாநிலங்களில் அந்தத் தனிக் கடனைக் கொடுத்த கடன்காரர்கள் வீட்டைத் தொடுவது மிகக் கடினம். அந்த நிலையில் இருவரும் சேர்ந்து மனு போடுவதே தவறான முடிவாகிவிடலாம்.

மூன்றாவது எண் எளிது. எத்தனை தவணை பாக்கி, தாமதக் கட்டணம் எவ்வளவு, வங்கியின் வக்கீல் செலவு என்று எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள். எழுத்தில் கேளுங்கள்.

எண்களை வைத்து ஒரு கணக்கு

கூட்டாட்சி விலக்கு கிடைக்கும் மாநிலத்தில் ஒருவர் தனியாக மனு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு விலை 4,20,000 டாலர், கடன் 3,65,000. ஈக்விட்டி 55,000. பார்த்தால் விலக்கைத் தாண்டுகிறது. ஆனால் ட்ரஸ்டி (திவால் வழக்கில் உங்கள் சொத்தைப் பார்க்க நியமிக்கப்படுபவர்) அந்த வீட்டை விற்றால் கமிஷன், செலவு எல்லாம் சேர்த்து 8 சதவீதம் என்று வையுங்கள், 33,600 போய்விடும். மிச்சம் 21,400. உங்களுக்குச் சேர வேண்டிய 31,575ஐக் கொடுக்கக்கூட அது போதாது. கடன்காரர்களுக்குப் பைசா தேறாத வீட்டை ட்ரஸ்டி விற்க மாட்டார்.

அதே வீட்டின் விலை 4,60,000 என்றால்? ஈக்விட்டி 95,000, விற்பனைச் செலவு 36,800, மிச்சம் 58,200. விலக்கைக் கழித்தால் 26,625 டாலர் கடன்காரர்களுக்குத் தேறும். இப்போது ட்ரஸ்டி விற்கவே பார்ப்பார். இதே குடும்பத்தில் இருவர் பெயரிலும் வீடு இருந்து, இருவரும் சேர்ந்து மனு போட்டிருந்தால் விலக்கு 63,150 ஆகி, வீடு மறுபடி பாதுகாப்பாகிவிடும். விலை மதிப்பீட்டில் 40,000 டாலர் பிசகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் எண்ணுக்கு இவ்வளவு மெனக்கெடச் சொன்னது இதற்காகத்தான்.

சாப்டர் 7ஆ, சாப்டர் 13ஆ

சாப்டர் 7 என்பது விலக்கில் வராத சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்வது. பெரும்பாலும் நாலு மாதத்தில் முடிந்துவிடும். சாப்டர் 13 என்பது சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 3 முதல் 5 ஆண்டு வரை ஒரு திட்டத்தின்படி மாதாமாதம் ட்ரஸ்டியிடம் ஒரு தொகை கட்டுவது.

தவணை பாக்கி இல்லை, ஈக்விட்டியும் விலக்குக்குள் அடங்குகிறது என்றால் சாப்டர் 7 போதும். அதற்கு மீன்ஸ் டெஸ்ட் என்ற வருமானக் கணக்கில் தேற வேண்டும். மனுவுக்கு முந்தைய ஆறு மாத வருமானத்தின் சராசரியை ஆண்டுக் கணக்காக்கி, உங்கள் மாநிலத்தில் அதே அளவு குடும்பத்தின் இடைநிலை வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். அதிகமாக இருந்தால் உடனே கதவு மூடிவிடாது, செலவுகளைக் கழித்து இரண்டாம் கட்டக் கணக்கு உண்டு. வேலை போன உடனே மனு போட்டால் பழைய சம்பளம் சராசரியை ஏற்றிவிடும், இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் தேறிவிடலாம். வங்கி வீட்டை ஏலம் விடும் தேதி எதுவும் நெருக்காத நிலையில் இந்தப் பொறுமை லாபம்.

தவணை பாக்கி இருந்தால் சாப்டர் 7 உதவாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தைச் சில மாதம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பாக்கியைத் தவணையாகக் கட்டும் உரிமை அதில் இல்லை. சாப்டர் 13இல் அது உண்டு. வீடு ஏலத்தில் விற்பனையாகும்வரை, பாக்கி முழுவதையும் திட்டத்துக்குள் கொண்டுவந்து பரப்பிக் கட்டலாம். 14,400 டாலர் பாக்கியை 60 மாதத்துக்குப் பரப்பினால் மாதம் 240, அதோடு ட்ரஸ்டியின் கமிஷன். ஆனால் நடப்புத் தவணையையும் கூடவே தவறாமல் கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு 240ஐ மட்டும் பார்த்து நிம்மதியடைகிறவர்களின் திட்டம்தான் பாதியில் உடைகிறது.

ஈக்விட்டி விலக்கைத் தாண்டினாலும் சாப்டர் 13தான் வழி. மேலே சொன்ன 26,625 டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கத் தேவையில்லை, ஆனால் சாப்டர் 7இல் கடன்காரர்களுக்கு எவ்வளவு தேறியிருக்குமோ குறைந்தது அவ்வளவாவது திட்டத்தின் வழியாக அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். 60 மாதத்தில் என்றால் மாதம் சுமார் 444 டாலர்.

வீட்டு விலை முதல் மார்ட்கேஜ் தொகையைவிடக் கீழே போய்விட்டதா? இரண்டாவது மார்ட்கேஜுக்கு வீட்டில் ஒரு டாலர்கூட ஆதாரமில்லை என்று காட்ட முடிந்தால், சாப்டர் 13இல் பெரும்பாலான நீதிமன்றங்கள் அதைச் சாதாரணக் கடனாக மாற்றிவிடும். சாப்டர் 7இல் இது முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முதல் மார்ட்கேஜின் அசலை வீட்டு விலைக்குக் குறைப்பதோ, குடியிருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டு சாப்டரிலும் பொதுவாக நடக்காது.

இன்னொன்று. சாப்டர் 7 மனுவைப் போட்டுவிட்டால் நினைத்தபடி வாபஸ் வாங்க முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். வீட்டுக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகு "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்றால் கேட்க மாட்டார்கள். அப்போது சாப்டர் 13க்கு மாற்றுவதுதான் பெரும்பாலும் மிஞ்சும் வழி. சாப்டர் 13ஐப் பொதுவாக நீங்களாகவே வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

மனுவுக்கு முன்னால் செய்யக் கூடாதவை

வீட்டையோ காரையோ சொந்தக்காரர் பேருக்கு மாற்றாதீர்கள். இரண்டு ஆண்டுக்குள் நடந்த மாற்றத்தைத் திவால் சட்டப்படியும், பல மாநிலங்களில் நாலு ஆண்டுவரை மாநிலச் சட்டப்படியும் ட்ரஸ்டி திருப்பி இழுக்கலாம். இழுத்த பிறகு அந்த வீட்டுக்கு விலக்குக் கேட்கும் உரிமையையும் நீங்கள் இழக்கக்கூடும். பத்திரமாக இருந்த வீட்டை நாமே தூக்கிக் கொடுத்த கதையாகிவிடும்.

சொந்தக்காரர் கடனை முதலில் அடைக்காதீர்கள். நமக்கு இது மனசுக்குக் கஷ்டமான விதி. அண்ணன் கொடுத்த 10,000 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மனு போட்டால், அது ஒரு ஆண்டுக்குள் நடந்திருந்தால், ட்ரஸ்டி அண்ணன்மேல் வழக்குப் போட்டு அதை வாங்குவார். மற்றக் கடன்காரர்களுக்கு இந்தக் காலம் 90 நாள்தான். உறவுக்காரர் என்றால் ஒரு வருடம். கடன் தள்ளுபடியான பிறகு உங்கள் விருப்பத்தில் அண்ணனுக்குக் கொடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

401(கே) பணத்தை எடுக்காதீர்கள். அது கடன்காரர்கள் தொட முடியாத பணம். அதை எடுத்து, எப்படியும் தள்ளுபடியாகப் போகும் கார்டு கடனுக்குக் கட்டுவதைப்போல வருத்தமான காரியம் வேறில்லை.

ஊர் சொத்தை மறைக்காதீர்கள். மனுவில் எழுத வேண்டிய சொத்து, உலகத்தில் எங்கே இருந்தாலும் உங்கள் சொத்துதான். திருநெல்வேலியில் உங்கள் பேரில் உள்ள மனை, பாகப்பிரிவினை ஆகாத பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கு, அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் வங்கி டெபாசிட், ஓடிக்கொண்டிருக்கும் சீட்டு, லாக்கரில் உள்ள நகை எல்லாவற்றையும் எழுத வேண்டும். "ஊரில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வரிக் கணக்கோடு தாக்கல் செய்யும் வெளிநாட்டுக் கணக்கு விவரம், ஊருக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, இரண்டும் ட்ரஸ்டி கையில் இருக்கும். தெரிந்தே மறைத்தால் கடன் தள்ளுபடியே மறுக்கப்படும், 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. எழுதிவிட்டால் அதன் மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டு வழி தேடலாம். நகைக்குக் கூட்டாட்சிப் பட்டியலில் 2,125 டாலர்வரை தனி விலக்கு இருக்கிறது. ஊர் நிலத்தின் மதிப்பு அதிகம் என்றால் சாப்டர் 7ஐ விட்டு 13க்குப் போக வேண்டியிருக்கலாம். வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே, அவர் கேட்காவிட்டாலும், இதைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டைக் காப்பாற்றித் தருகிறோம் என்று வாசலில் வந்து முன்பணம் கேட்பவர்களுக்கு ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். வங்கியிடமிருந்து எழுத்தில் சலுகை வாங்கி, நீங்கள் அதை ஏற்றுக்கொள்ளும்வரை அப்படிப்பட்ட நிறுவனங்கள் பணம் வாங்குவதே சட்டப்படி கூடாது. அரசின் வீட்டுவசதித் துறையான எச்யூடியின் அங்கீகாரம் பெற்ற வீட்டு ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஃபோர்க்ளோஷரை (வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடும் நடவடிக்கையை) தவிர்க்க அவர்கள் தரும் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. தவணை தவறி 120 நாள் தாண்டும்வரை வங்கி பொதுவாக ஃபோர்க்ளோஷரைத் தொடங்க முடியாது. அந்தக் காலத்தில் கடன் மாற்றியமைப்புக்கு முழு விண்ணப்பம் கொடுத்துப் பாருங்கள். அதிலேயே வழி பிறந்தால் திவால் மனுவே தேவைப்படாது.

மனு போடும் வாரம்

மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட கிரெடிட் கவுன்சிலிங் (கடன் ஆலோசனை) ஒன்றை முடித்திருக்க வேண்டும். போனிலோ இணையத்திலோ முடிக்கலாம். இந்தச் சான்றிதழ் இல்லாமல் போன மனு தள்ளுபடியாகி, அதற்குள் வீடு ஏலம் போய்விடும் நிலையைத் தயவுசெய்து வரவழைத்துக்கொள்ளாதீர்கள். நீதிமன்றக் கட்டணம் சாப்டர் 7க்கு 338 டாலர், சாப்டர் 13க்கு 313 டாலர். வக்கீல் கட்டணம் தனி. சாப்டர் 13இல் அதன் ஒரு பகுதியைத் திட்டத்துக்குள்ளேயே கட்டலாம்.

மனு பதிவான நொடியிலிருந்து ஆட்டோமேட்டிக் ஸ்டே என்ற தடை அமலுக்கு வரும். ஏலம், வசூல் போன், சம்பளப் பிடித்தம் எல்லாம் நிற்க வேண்டும். ஏலம் நாளைக்கு என்றால் இன்றைக்கே பெயர், முகவரி, கடன்காரர் பட்டியலோடு அவசர மனு போட்டுவிட்டு, மற்றப் படிவங்களை 14 நாளில் கொடுக்கலாம். மனு எண் கிடைத்ததும் ஏலம் நடத்தும் வக்கீல் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, போனும் செய்துவிடுங்கள். நீதிமன்றத்திலிருந்து தபாலில் போகும் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்தத் தடையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியாது. ஒரு வருடத்துக்குள் ஒரு மனு தள்ளுபடியாகியிருந்தால் அடுத்த மனுவில் தடை 30 நாள்தான், நீட்டிக்க நீதிபதியிடம் கேட்க வேண்டும். இரண்டு தள்ளுபடியாகியிருந்தால் தடை தானாக வராது. ஆகவே ஏலத்தை நிறுத்துவதற்காக மட்டும் அரைகுறையாக ஒரு மனுவைப் போட்டு வீணாக்காதீர்கள்.

படிவங்களில் வீட்டைப் பொறுத்தவரை ஷெட்யூல் சி உயிர்நாடி. விலக்கு எந்தச் சட்டப் பிரிவில் எவ்வளவு கேட்கிறீர்கள் என்று அதில்தான் எழுத வேண்டும். கேட்காத விலக்கு கிடைக்காது. கையெழுத்துப் போடுமுன் அந்தப் பக்கத்தைப் படித்து, மேலே நீங்கள் எழுதிய இரண்டாவது எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

341 கூட்டமும் அதற்குப் பிறகும்

மனுவுக்குப் பிறகு மூன்று முதல் ஏழு வாரத்துக்குள் ட்ரஸ்டி உங்களைக் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்று உண்டு. 341 கூட்டம் என்பார்கள். நீதிபதி இருக்க மாட்டார். இப்போது பெரும்பாலும் ஜூமில் நடக்கிறது, பலருக்குப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். போட்டோ அடையாள அட்டையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான ஆதாரமும் வேண்டும். வீட்டு விலையை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்பார்கள், அந்த ஏஜென்ட்டின் மதிப்பீட்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது பணமோ சொத்தோ மாற்றினீர்களா, வெளிநாட்டில் சொத்து உண்டா என்றும் கேட்கலாம். ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தயங்கும் பெற்றோரோ துணைவரோ சேர்ந்து மனு போட்டிருந்தால், கட்டணமில்லாத மொழிபெயர்ப்பாளர் ஏற்பாட்டை வக்கீல் மூலம் முன்கூட்டியே கேளுங்கள்.

சாப்டர் 7 போட்டவர்களிடம் வங்கி ரீஅஃபர்மேஷன் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கலாம். தள்ளுபடியாக வேண்டிய வீட்டுக் கடனுக்கு மறுபடியும் நீங்களே பொறுப்பு என்று எழுதிக்கொடுப்பது அது. வீட்டுக் கடனில் இதை அவசரப்பட்டுப் போட வேண்டாம் என்பது என் கருத்து. கையெழுத்துப் போடாமலே தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள்தான் அதிகம். நாளைக்கு வீட்டை விட வேண்டி வந்தாலும் மிச்சக் கடன் உங்களைத் துரத்தாது. இதில் ஒரு சிரமம், நீங்கள் கட்டும் தவணை கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறாமல் போகலாம். போட்டுவிட்டாலும், கடன் தள்ளுபடி உத்தரவு வரும்வரை அல்லது ஒப்பந்தம் நீதிமன்றத்தில் பதிவாகி 60 நாள் ஆகும்வரை, எது பின்னால் வருகிறதோ அதுவரை ரத்து செய்யலாம்.

மனு போட்டதும் ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்பும். வங்கியிலிருந்து மாதாந்திர ஸ்டேட்மென்ட் வருவது நிற்கலாம், இணையக் கணக்கு பூட்டிக்கொள்ளலாம், தானாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டோ-பே நின்றுவிடலாம். "நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் போல" என்று விட்டுவிடாதீர்கள். தவணை நாள் மாறவில்லை. எந்த முகவரிக்குச் செக் அனுப்புவது என்று கேட்டு, கடன் எண்ணை எழுதி அனுப்பி, நகலை வையுங்கள். வீட்டு இன்ஷூரன்ஸும் சொத்துவரியும் எஸ்க்ரோவில் (தவணையோடு சேர்த்து வாங்கி வங்கியே கட்டும் கணக்கில்) போகவில்லை என்றால் அவற்றையும் நீங்களே பாருங்கள். மனுவுக்குப் பிறகு வரும் எச்ஓஏ கட்டணம் தள்ளுபடி ஆகாது, கட்டியே ஆக வேண்டும்.

சாப்டர் 13 என்றால் முதல் தொகையை மனு போட்ட 30 நாளுக்குள் கட்டத் தொடங்க வேண்டும், நீதிபதி திட்டத்தை ஏற்காவிட்டாலும் சரி. சம்பளத்திலிருந்து நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவது நல்லது. நடுவில் வேலை போனாலோ மருத்துவச் செலவு வந்தாலோ, தவணை தவறுவதற்கு முன்னால் வக்கீலைக் கூப்பிடுங்கள். திட்டத்தை மாற்றியமைக்க இடமுண்டு. இரண்டு மாதம் தவறிய பிறகு தடையை நீக்கச் சொல்லி வங்கி மனுப் போட்டுவிட்டால் வேலை இரட்டிப்பாகிவிடும்.

கடன் தள்ளுபடி ஆவதற்கு இரண்டாவது பாடம் ஒன்றையும் முடித்திருக்க வேண்டும், நிதி நிர்வாகம் பற்றியது. முதல் கவுன்சிலிங்கை முடித்ததால் இதுவும் முடிந்தது என்று நினைத்து விட்டவர்களின் வழக்கு, கடன் தள்ளுபடி உத்தரவு இல்லாமலே மூடப்பட்டுவிடும். சாப்டர் 13 திட்டம் முடியும்போது, வீட்டுக் கடன் பாக்கி முழுவதும் கட்டியாகிவிட்டது என்று நீதிமன்றத்தில் அறிவிப்புத் தாக்கலாகும், வங்கி அதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பாக்கி இன்னும் இருக்கிறது என்று பதில் வந்தால், உங்கள் செக் நகல்களோடு உடனே வக்கீலிடம் போங்கள், வழக்கு மூடுவதற்குள் நீதிபதியே அந்தக் கணக்கைத் தீர்த்துவைப்பார். பாக்கி இல்லை என்று வந்தால் அதன் நகல் ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உங்கள் கடன் வேறு நிறுவனத்துக்குக் கைமாறி அவர்கள் பழைய பாக்கி கேட்டால், காட்ட வேண்டியது அந்தத் தாள்தான்.